மாத்தளையில் முளைத்த சாரணியம் லயத்துக்கு வந்து சேர்ந்த கதை

1912ஆம் ஆண்டில் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் பையன்கள் சிலரைச் சேர்த்து ஒரு சாரணர் குழுவை ஆரம்பித்தார். இலங்கையின் முதல் சாரணர் குழு அதுதான். சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய இருபது பையன்களை வைத்துத் தன் முதல் பாசறையை நடத்திப் பார்த்தது 1907 ஓகஸ்ட் மாதம். ஐந்து வருடத்துக்குள் அந்த யோசனை கடல் தாண்டி, கொழும்பையும் கடந்து, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேர்பிடித்துவிட்டது. மலையகத்தில் சாரணர் சீருடை போட்ட ஒவ்வொரு பிள்ளையும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த நாட்டில் சாரணியம் முதலில் காலூன்றியது எங்கள் பக்கத்தில்தான்.

மாத்தளைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து படகில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், நாட்கணக்காகக் காட்டுவழியே நடந்து மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் அது. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் போக, எஞ்சியவர்கள் வந்து மூச்சு விட்ட இடம். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த நடையையும் சேர்த்தே பேசுவார்கள். கிறைஸ்ட் சேர்ச் கல்லூரிக்கும், பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கும் இடையில் பெரிய தூரம் எதுவும் இல்லை. ஆனாலும் மஸ்கெலியாப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் ஒரு சாரணர் குழு உருவாக எண்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. ஏன் அவ்வளவு காலம், வந்த பிறகு அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதல் ஐம்பது வருடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மிஷன் பாடசாலைகளும் பட்டணத்துப் பெரிய பாடசாலைகளும் சாரணியத்தை எடுத்துக்கொண்டன. 1917இல் கண்டி மகளிர் உயர் பாடசாலையில் பெண் சாரணியர் இயக்கம் தொடங்கியது, அதுவும் மலைநாட்டில்தான். பேடன் பவல் 1921இலும் 1934இலும் இலங்கைக்கு வந்து போனார். 1953இல் இலங்கைச் சாரணர்கள் உலக அமைப்பில் தனி உறுப்பு நாடானார்கள். 1957ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் சாரணர் சங்கத்துக்குச் சட்டபூர்வமான இடத்தைக் கொடுத்தது. இவ்வளவும் நடந்து முடிந்தபோதும் தோட்டத்துப் பிள்ளை இதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற நிலையில்தான் இருந்தது.

காரணத்தை ஏழ்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஏழ்மை உண்மைதான். ஆனால் அதைவிட எளிமையான ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. 1907இல் வந்த கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கிடைக்கச் செய்வது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பொறுப்பு என்றது. பேடன் பவல் பாசறை போட்ட அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் மனதில் வைத்தது ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளை. அப்படி உருவான தோட்டப் பாடசாலை ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், மிஞ்சிப்போனால் ஐந்தாம் வகுப்பு. சாரணராகச் சேரும் வயது பதினொன்று. சாரணியம் ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற வயதில் எங்கள் பிள்ளையின் படிப்பே முடிந்துபோயிருக்கும். அது கூடையோடு மலைக்கோ, மம்பட்டியோடு கான் என்கிற வடிகால் வெட்டவோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலோ இருக்கும். ஏழு வயதிலேயே குருளைச் சாரணராகச் சேரலாமே என்றால், ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மேய்க்கிற ஒற்றை வாத்தியாரிடம் அதற்கு ஏது நேரம்?

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. சாரணர் ஒருவர் மூன்று விரலை உயர்த்தி எடுக்கிற வாக்குறுதியில் தன் நாட்டுக்கான கடமையும் வருகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் வீட்டுக்கு ஒரு நாடு, தம்பி வீட்டுக்கு இன்னொரு நாடு. நாடற்றிருந்த கடைசிப் பேருக்கும் சேர்த்துக் குடியுரிமை தருகிற சட்டம் வந்தது 2003இல். பட்டணத்துப் பாடசாலைக்குப் போய்ப் படித்த சில தோட்டத்துப் பையன்கள் அந்தக் காலத்திலேயே சாரணர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டை நினைத்து அந்த வாக்குறுதியைச் சொல்லியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

1977இல் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. வகுப்புகள் ஆறு, ஏழு, எட்டு என்று மேலே போயின. சாதாரண தரம் வந்தது. தொண்ணூறுகளில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து மலையகத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக வெளியே வந்தார்கள். எங்களுக்கு வந்த சேர் அப்படி வந்தவர்தான். அவருக்குச் சாரணியம் தெரியும் என்பது பாடசாலையில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் இடைவேளையில் கொடிக்கம்பத்துக் கயிறு அவிழ்ந்து விழுந்தது. அவர் அதை ஏதோ ஒரு விதத்தில் சுற்றி, ஒரே இழுப்பில் இறுக்கிக் கட்டினார். நாங்கள் நாலு பேர் போய், "சேர், அத எப்படிக் கட்டினீங்க?" என்று கேட்டோம். அன்று பின்னேரமே தொடங்கியது எங்கள் குழு.

முதலில் இரண்டு அணிகள். பிரவுன்சீ பாசறையில் ஓநாய், காளை, காகம் என்றெல்லாம் அணிக்குப் பெயர் வைத்திருந்தார்களாம். நாங்கள் மரை என்றும் சிறுத்தை என்றும் வைத்துக்கொண்டோம். இரண்டும் எங்கள் தேயிலை மலைக்கு மேலே இருக்கிற காட்டில் உண்மையிலேயே நடமாடுகிறவை. சீருடைக்குக் காக்கித் துணி வாங்குவது பெரிய பாடாக இருந்தது. தீபாவளி முற்பணம் வரும் வரை காத்திருந்து தைத்தவர்கள் உண்டு. அண்ணன் வளர்ந்து விட்டதைத் தம்பி போட்டான். கழுத்துப்பட்டிகளை ஒரே துணியிலிருந்து முக்கோணமாக வெட்டி எங்கள் அம்மா ஓரம் அடித்துக் கொடுத்தார்.

அணி முறை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாரணியத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆறு அல்லது எட்டுப் பேர் ஓர் அணி. அதில் ஒருவர் அணித்தலைவர், வயது பதினான்கோ பதினைந்தோ இருக்கும். மற்றவர்கள் பதினொன்றிலிருந்து மேலே. ஆசிரியர் எல்லாருக்கும் நேரடியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. தலைவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார், தலைவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சமையல், கூடாரம், முதலுதவிப் பெட்டி, பதிவுப் புத்தகம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கும். பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு மூத்த பிள்ளை இளையதைப் பார்த்து வளர்ந்த லயத்தில் இந்த முறையைப் புதிதாக யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாடசாலையில் ஆசிரியர் பற்றாக்குறை எப்போதும் உண்டு. ஒரு ஆசிரியர் முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏற முடிந்தது இந்த அணிகளால்தான்.

வீட்டில் எல்லாரும் உடனே சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். விறகு பொறுக்கி அடுப்பு மூட்டச் சொல்லித் தருகிறார்கள் என்றதும் எங்கள் அப்பாயி கேட்டார்: "ஏன்டா, நாப்பது வருசமா நான் வெறகு பொறுக்குறேன். எனக்கு யாரு பட்டயம் குத்துனா?" அந்தக் கேள்வியை நான் சேரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாயியைக் கூட்டிட்டு வா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாயி ஒரு கட்டு மிலாறோடு பாடசாலைக்கு வந்தார். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டின தேயிலையின் காய்ந்த குச்சி. மலைநாட்டில் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். அந்தக் காலத்தில் லயத்து அடுப்புகள் எல்லாம் மிலாறில்தான் எரியும். அன்றைக்குத் தூறல். குச்சிகளின் மேல்பட்டை நனைந்திருந்தது. அப்பாயி ஒரு குச்சியை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தார். படீர் என்று ஒடிந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது, வளைந்து நார் பிரிந்தால் பச்சை. அதுதான் முதல் சோதனை. அப்புறம் கத்தியால் ஈரப்பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, உள்வயிரத்தைச் சிலும்பு சிலும்பாக, குச்சியிலிருந்து முழுவதும் பிரியாமல் சீவினார். அப்படி ஐந்தாறு குச்சி. தரை ஈரமாக இருந்ததால் முதலில் பட்டைத் துண்டுகளைப் பாய் மாதிரிப் பரப்பி, அதற்கு மேல்தான் குச்சிகளைக் குவித்தார். ஒரே தீக்குச்சியில் பற்றியது. சாரணர் பாடத்தில் வரும் மழைநாள் தீமூட்டல் இதேதான். சிலும்பு சீவிய குச்சிக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது. அப்பாயிக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்களுக்குப் பெயர் தெரியும், கை வராது. அன்று அரை மணி நேரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் கற்றிருக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வெளிப்புறச் செயற்பாடு என்று சாரணியம் சொல்வதில் பெரும்பங்கு தோட்டத்து மக்களின் அன்றாட வாழ்க்கை. ஊற்று வந்து விழும் குழாயான பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு செங்குத்தான படியில் ஏறுவது, மூட்டையை நெற்றியில் பட்டி போட்டுச் சுமப்பது, மேகம் இறங்கும் விதத்தைப் பார்த்து மழை எப்போது வரும் என்று சொல்வது, இதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கஷ்டமாகவே பார்க்கப்பட்டுவந்த அந்த அறிவுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது சாரணர் குழுதான். பட்டணத்துப் பையன்களோடு ஒரு பாசறைக்குப் போனால் நாங்கள் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்போம். மழை வந்து அடுப்பு அணைந்ததும் எல்லாரும் எங்கள் அணியைத் தேடி வருவார்கள்.

எங்கள் முதல் இரவுப் பாசறை நடந்தது பாடசாலைக்கு மேலே, யூகலிப்டஸ் தோப்பை ஒட்டின ஒரு மேட்டில். எங்கள் ஆட்கள் அந்த மரத்தை டர்பன்டைன் மரம் என்பார்கள். மூங்கில் கிடைக்காத இடத்தில் அதன் நேரான இளங்கம்புகள்தான் எங்களுக்குக் கட்டுமான மரம். பாலம், காவல் கோபுரம், பாத்திரம் கவிழ்க்கும் தட்டு எல்லாம் அதில்தான் கட்டினோம். கூடாரம் இரண்டுதான் இருந்தது. மற்றவர்களுக்குக் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குகளை ஒன்றோடொன்று கோத்துக் கூரை போட்டோம். இரவு பதினொரு மணிக்கு மழை இறங்கியது. மேட்டிலிருந்து ஓடிவந்த தண்ணீர் நேரே எங்கள் பாய்க்குள் புகுந்தது. சிறுத்தை அணியில் ஒரு பையன், அவன் அப்பா தோட்டத்தில் கான் வெட்டுகிறவர், டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மம்பட்டியோடு வெளியே இறங்கினான். கூடாரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டாமல், மேல்பக்கத்தில் குறுக்காக, ஒரு பக்கம் கொஞ்சமே கொஞ்சம் சரிவாக ஒரு கான் இழுத்தான். ரொம்பச் சரிவாக இழுத்தால் தண்ணீர் வேகம் பிடித்து மண்ணை அரிக்கும், சமமாக இழுத்தால் தேங்கி உடைக்கும். தேயிலை மலையில் கான் வெட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. பத்து நிமிடத்தில் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பியது.

இப்போது சாரணர் பாசறைகளில் கூடாரத்தைச் சுற்றித் தோண்டக் கூடாது என்கிறார்கள். அது சரியான விதி. புல்லைக் கிளறி விட்ட இடத்தில்தான் அடுத்த மழைக்கு மண் அரிக்கத் தொடங்கும். எனவே இப்போது பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது, பகலிலேயே நின்று, மழை வந்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று பார்த்துவிட்டு இடம் தேர்வு செய்வதை. பழைய தண்ணீர் ஓட்டம் தரையில் எழுதி வைத்தது போலத் தெரியும்: சருகு ஒரு பக்கமாகப் படிந்திருக்கும், புல்லின் வேர் வெளியே தெரியும்.

மலைநாட்டில் பாசறைக்கு நாள் குறிப்பது தனிக் கலை. ஒரே மலைத்தொடர், இரண்டு பருவம். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைத்தெடுக்கும். வட்டவளையில் வருடத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் பெய்யும். அதே மாதங்களில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் போனால் பதுளையிலும் வெலிமடையிலும் வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ்; வடகீழ்ப் பருவ மழை ஊவாவை நனைக்கும். பாடசாலை விடுமுறையோ ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில். ஓகஸ்டில் எங்கள் பக்கம் பாசறை போட்டால் மூன்று நாளும் அடைமழை. பண்டாரவளைப் பக்கம் போட்டால் காற்று கூடாரத்தைப் பிடுங்கும், ஆனால் நிலம் காய்ந்திருக்கும். ஏப்ரலில் காலை முழுக்க வெயில், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு மழை. அதனால் ஏப்ரல் மாத நடைப்பயணத்தை விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் திறந்த மேட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். எங்களுக்குப் பிடித்த காலம் ஜனவரி கடைசியும் பெப்ரவரியும். வானம் துடைத்து விட்டது போல இருக்கும். இரவில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கிற குளிர், ஆனால் ஈரமில்லை. விடுமுறை இல்லாததால் வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு திரும்புவோம்.

இடம் தேர்வு செய்வதில் விளையாட்டுக்கு இடமே இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்ததால் பிழைத்து, வீடு திரும்பியபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை என்ற நிலை பலருக்கு. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு மலையகத்தில் சாரணப் பொறுப்பில் இருக்கும் எவரும் ஒரு சரிவைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. தரையில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்ந்திருப்பது, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது அல்லது நின்றுபோவது, இவற்றைப் பார்த்தால் அங்கே கூடாரம் போடக் கூடாது, லயத்தில் இருப்பவர்களுக்கும் உடனே சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது எங்கள் புறப்பாட்டுப் பட்டியலில் அரிசி பருப்புக்கு முன்னால் நிற்கிறது. ஆற்றோரமும் அப்படித்தான். காசல்றீ, மவுசாகலை, கெனியன், நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஷபான என்று எங்கள் பக்கத்து ஆறுகள் முழுக்க அணைகள். மேலே மழை கொட்டினால் வான்கதவு திறப்பார்கள். நாம் இருக்கிற இடத்தில் வெயிலாக இருக்கும்போதே ஆறு பொங்கி வரும்.

குளவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி வராத வருடமில்லை. உயர்ந்த மரத்திலும் பாறை முகட்டிலும் பெரிய தட்டுத் தட்டாகக் கூடு கட்டும். அதனால் பாறைக்குக் கீழே அடுப்பு மூட்டுவது எங்கள் குழுவில் அறவே கிடையாது. புகை மேலே போனால் குளவி கீழே இறங்கும். கலைந்து வந்துவிட்டால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் முகத்தையும் கழுத்தையும் படங்கால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்ப்பவர்களும் உண்டு, சித்தாலேப தைலம் பூசுபவர்களும் உண்டு. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், அதன் மெலிந்த முனைப் பக்கம் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ஊவாப் பக்கம் ஓகஸ்டில் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: காய்ந்த மானாப்புல் மேட்டில் பாசறைத் தீ வேண்டாம். கச்சான் காற்றில் ஒரு பொறி போதும், மலை முழுக்க எரிந்துவிடும்.

நடைப்பயணம் போகும்போது எங்களிடம் இருந்தது நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடம் ஒன்று, அதுவும் மடிப்பில் கிழிந்தது. அதை வைத்து வழி கேட்டால் யாருக்கும் புரியாது. வரைபடத்தில் தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துக்காரர்கள் வைத்த பெயர். வாயில் வழங்குவது வேறு பெயர். டல்ஹவுசி என்று அச்சிட்டிருப்பதை நாங்கள் நல்லதண்ணி என்போம். தேயிலை மலைகளுக்கு ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை என்று எண். அதற்குள்ளும் தொங்கல், கோயிலடி, பெரிய கல் என்று மக்கள் வைத்த அடையாளங்கள். சேர் எங்களை உட்கார வைத்து அந்தப் பெயர்களையெல்லாம் வரைபடத்தில் பென்சிலால் எழுத வைத்தார். ஒரு பெயருக்குச் சந்தேகம் வந்தால் லயத்தில் வயதானவர்களிடம் போய்க் கேட்டு வர வேண்டும். வழிக்குறி போடும் விளையாட்டும் அப்படித்தான் எங்கள் ஊருக்கு ஏற்ப மாறியது. கல்லால் அம்புக்குறி, இந்த வழி வேண்டாம் என்பதற்குப் பெருக்கல் குறி, எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டேன் என்பதற்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. 1941இல் கென்யாவில் இறந்த பேடன் பவலின் கல்லறையிலும் அந்தக் குறிதான் செதுக்கியிருக்கிறது. நாங்கள் அந்த வட்டத்தைத் தேயிலைக் காய்களை வைத்துப் போடுவோம்.

சிவனொளிபாதமலைப் பருவம் எங்களுக்குப் பெரிய பயிற்சிக்களம். டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை, 2,243 மீற்றர் உயரத்துக்கு, நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 5,500 படி ஏறி ஜனங்கள் போவார்கள். சாரணர்கள் படியோரத்தில் நின்று வயதானவர்களுக்குக் கைகொடுப்பது, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்ப்பது, பொலித்தீன் பொறுக்குவது என்று வேலை செய்வார்கள். எனக்குச் சிங்களம் வந்தது அந்தப் படியில்தான். பக்கத்தில் நின்றது சிங்களப் பாடசாலை ஒன்றின் அணி. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. குளிருக்குத் தூங்காமல் இருக்கக் கயிற்றை எடுத்து முடிச்சுப் போடத் தொடங்கினோம். ஒருவன் போட்டுக் காட்ட, மற்றவன் அதன் பெயரைத் தன் மொழியில் சொல்ல, விடிவதற்குள் இருபது முப்பது வார்த்தை கைமாறியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த கையேடுகளும் சுற்றறிக்கைகளும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் இருந்தன. சேர் இரவிரவாக உட்கார்ந்து அவற்றைத் தமிழில் எழுதிக் கரும்பலகையில் போடுவார். அந்தத் தமிழ்க் குறிப்புகளை யாராவது அப்போதே அச்சில் போட்டிருந்தால் எத்தனையோ பாடசாலைக்கு உதவியிருக்கும். இன்றும் இந்தக் குறை தீர்ந்தபாடில்லை.

வேலை வாரம் வந்தால் வீடு வீடாகப் போய் ஏதாவது வேலை செய்துகொடுத்துக் காசு வாங்கிச் சங்கத்துக்குச் சேர்க்க வேண்டும். லயத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று தயங்கினோம். ஆனால் கோழிக்கூடு கழுவவும் பீலி வாய்க்கால் அடைப்பு எடுக்கவும் கூப்பிட்டு, ஐந்து ரூபாய் பத்து ரூபாய் கையில் வைத்து, தேத்தண்ணியும் ரொட்டியும் தந்து அனுப்பியது அந்த ஜனங்கள்தான்.

பிறகு நடந்தது மலையகத்தில் பல குழுக்களுக்கு நடந்ததே. சேருக்கு இடமாற்றம் வந்தது. சில மாதம் நாங்கள் பெரிய பையன்கள் இழுத்துப் பிடித்தோம். எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை வந்தது. அதற்குப் பிறகு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் போக மிஞ்சியவர்கள் நாலு பேர். ஒரு குழு ஒரே ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்கும்போது, அவர் பஸ் ஏறுகிற அன்றே அதுவும் பாதி பஸ் ஏறிவிடுகிறது. இதற்கு மருந்து இருக்கிறது என்று நம்புகிறேன். படித்து முடித்த பழைய சாரணர்களில் ஊரிலேயே இருக்கிற இரண்டு மூன்று பேரையாவது திரிசாரணர்களாக, அதாவது வயது வந்த சாரணர்களாக, வைத்துப் பயிற்சி கொடுத்து, பொறுப்பைப் பகிர வேண்டும். ஆசிரியர் மாறினாலும் ஊர்க்காரர் மாறமாட்டார். எங்கள் குழு மறுபடி எழும்பியது அப்படித்தான். கொழும்பிலிருந்து திரும்பி ஹட்டனில் கடை வைத்த ஒருவரும், தோட்டத்திலேயே இருக்கிற இரண்டு பேரும், நானும் சேர்ந்து அதிபரைப் போய்ப் பார்த்தோம்.

இப்போது வேறொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற 'பீக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு நீள்கிறது. அந்தக் காலத்தில் கொழுந்தும் சாக்கும் போன பாதைகள்தான் பெரும்பாலும். வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப்பையோடு காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் எங்கள் பிரட்டுக்களத்தைத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பாதையின் ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துப் பாடசாலையின் சாரணர் குழு தன் பாதையாக எடுத்து, பெயர் எழுதி, குப்பை கூட்டி, வழி தெரியாதவருக்கு வழி காட்டினால் நன்றாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் ஒரு கட்டத்தை நடந்து பார்த்து, பழைய வரைபடத்தின் பென்சில் பெயர்களோடு ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

குழுவை மறுபடி தொடங்கிய அன்று நாங்கள் முதலில் செய்தது பழைய மரப்பெட்டியைத் திறந்ததுதான். உள்ளே தும்புக் கயிறுகள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. இழுத்தால் சில கையோடு வந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் எடுத்து மைதானத்து வேலியில் கட்டி வெயிலில் போட்டோம். நைலோன் கயிறு வாங்கிவிடலாமே என்று ஒரு பையன் கேட்டான். நைலோனில் முடிச்சு வழுக்கும், கட்டுமானத்துக்குத் தும்புக் கயிறுதான் பிடிக்கும் என்று சொன்னேன். மஸ்கெலியா மழையில் அதை மாதம் ஒரு தடவையாவது காயப்போட வேண்டும். இந்த மாதம் மரை அணியின் முறை.